பீடி, சிகரெட், நுரையீரல் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில், புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் அறையிலிருந்து ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வருகிறவர்கள் அடுத்து உட்காரும் நாற்காலி என் மேஜைக்கு முன்னால்தான் இருக்கிறது. உள்ளே கேட்கத் தயங்கியதை எல்லாம் அங்கேதான் கேட்பார்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள வகையின் பெயரை வைத்து இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். "இந்த வகை பீடியால் வராதாம்" என்று நிம்மதியாகி மறுபடி பற்றவைப்பவர்கள் ஒரு பக்கம். ஒரு நாளும் புகையைத் தொடாத பெண்ணிடம் "என்ன பழக்கம் இருந்துச்சு?" என்று கேட்டு நோகடிக்கும் சொந்தக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் எழுதியது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. நுரையீரல் புற்றுநோய்னா ஒண்ணுதானே? அதுல என்ன வகை?

ஒன்று இல்லை. பயாப்ஸியில் எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள்: ஸ்மால் செல், நான் ஸ்மால் செல். நூறு பேரில் சுமார் 15 பேருக்கு ஸ்மால் செல், மற்றவர்களுக்கு நான் ஸ்மால் செல். இந்த இரண்டாவதற்குள் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ், லார்ஜ் செல் என்று மூன்று முக்கியப் பிரிவுகள் உண்டு. இன்று உலகத்தில் அதிகம் காணப்படுவது அடினோகார்சினோமா.

ஸ்மால் செல் வேகமாகப் பரவும். கண்டுபிடிக்கும்போதே பலருக்கு வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கும். அதனால் ஆபரேஷன் அபூர்வம். கீமோவும், கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்லும் ரேடியேஷனும்தான் முதன்மை. கீமோவுக்குச் சட்டென்று சுருங்கும், ஆனால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆரம்ப நிலையில் பிடிபட்ட நான் ஸ்மால் செல் கட்டியை ஆபரேஷனில் முழுதாக எடுத்துவிட வாய்ப்பு உண்டு. வகை எது என்று தெரியாமல் சிகிச்சையை ஆரம்பிக்க முடியாது. "ஊசி குத்தினா பரவிடும், பயாப்ஸி வேண்டாம்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

2. புகை உள்ளே போய் அப்படி என்னதான் பண்ணுது?

மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சுக்குழாயின் உள்பக்கத்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. அங்கே இயல்பாக மெல்லிய மயிரிழைகள் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் புகை பட்டால் அந்த மென்மையான படலம் போய், தோல் மாதிரித் தட்டையான தடித்த செல்கள் வந்து உட்காரும். சில காலம் கழித்து அவற்றில் ஒழுங்கு குலையும். ஸ்குவாமஸ் வகை இந்த வழியில் வருவது. கை காய்ப்பு வேலையை விட்டால் மறைவதுபோல, தொடக்க நிலை மாற்றங்களில் பலவும் புகையை விட்டால் பின்வாங்கும்.

அப்புறம் மரபணுச் சேதம். புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன, அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. அவற்றில் ஒன்றான பென்சோபைரீன், செல் தறிகெட்டுப் பெருகாமல் காவல் காக்கும் பி53 என்ற மரபணுவில் எந்த இடங்களில் போய் ஒட்டுகிறது என்று 1996ல் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் அடிக்கடி சேதமாகியிருக்கும் அதே இடங்கள் அவை. தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒவ்வொரு நுரையீரல் செல்லிலும் சராசரியாக 150 மரபணு மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

3. எந்த வகை புகையால வரும், எந்த வகை வராது?

புகையோடு சம்பந்தமே இல்லாத முக்கிய வகை என்று ஒன்று கிடையாது. உறவின் நெருக்கம்தான் கூடும், குறையும்.

ஸ்மால் செல் வந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் புகைத்தவர்கள். புகைக்காதவருக்கு இந்த வகை என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர்கள் ஸ்லைடை இன்னொரு முறை பார்க்கச் சொல்வதே உண்டு. அடுத்த நெருக்கம் ஸ்குவாமஸ். அதற்குப் பிறகு லார்ஜ் செல், அடினோகார்சினோமா. கார்சினாய்டு என்ற அபூர்வக் கட்டிக்குத்தான் புகையோடு தொடர்பு மிகக் குறைவு.

இதில் ஒரு கணக்கை நான் எல்லோருக்கும் தாளில் எழுதியே காட்டுவேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2012ல் வெளியிட்டார்கள். தினம் 30 சிகரெட்டுக்கு மேல் பிடித்த ஆண்களுக்கு, ஒருபோதும் பிடிக்காதவர்களைவிட ஸ்மால் செல் ஆபத்து சுமார் 111 மடங்கு, ஸ்குவாமஸ் சுமார் 103 மடங்கு, அடினோகார்சினோமா சுமார் 22 மடங்கு. "குறைவான தொடர்பு" என்று சொல்லப்படும் வகைக்கே 22 மடங்கு. நூற்றுப் பதினொன்றின் பக்கத்தில் வைத்ததால்தான் அது சின்னதாகத் தெரிகிறது.

4. அப்பாவுக்கு 'அடினோ'ன்னு வந்திருக்கு. அது பீடி குடிக்காதவங்களுக்கு வர்றதுன்னு நெட்ல போட்டிருக்கு. அப்போ பீடியால வரலைதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. புகைக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் அது பெரும்பாலும் அடினோகார்சினோமா என்பது உண்மை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, அடினோ வந்தால் புகையால் வரவில்லை என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் முற்றம் நனையும். நனைந்த முற்றமெல்லாம் மழையால் நனைந்ததா?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950களில் நார்வே நோய்க்குறியியல் நிபுணர் லெய்வ் கிரைபெர்க் இந்தக் கட்டிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஸ்குவாமஸும் ஸ்மால் செல்லும் முதல் குழு, புகையோடு ஒட்டியவை. அடினோ இரண்டாம் குழு. 1964ல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையும் அடினோவுக்குத் தொடர்பு குறைவு என்றே எழுதியது. அன்றைய சிகரெட்டுக்கு அது பொருந்தியது. பிறகு சிகரெட்டே மாறிவிட்டது. 1950களிலிருந்து ஃபில்டர் வந்தது, காற்றோட்டத் துளைகள் வந்தன, புகை தொண்டையை அறுக்காமல் மென்மையானது. மென்மையானதும் ஆழமாக இழுத்தார்கள், நிக்கோட்டின் போதாமல் இன்னும் இழுத்தார்கள். பெரிய மூச்சுக்குழாயில் படிந்த புகை நுரையீரலின் ஓரங்கள் வரை போனது. அடினோ பிறக்கும் இடம் அந்த ஓரங்கள்தான். புகையிலைக் கலவை மாறியதில் நைட்ரோசமைன் என்ற நஞ்சுகளும் கூடின. 2014ல் வந்த சர்ஜன் ஜெனரல் அறிக்கை, புகைப்பவர்களுக்கு அடினோ ஆபத்து கூடியதற்கு 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பிலும் கலவையிலும் வந்த மாற்றமே காரணம் என்று முடிவாகச் சொன்னது.

அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர் என்றால், அடினோ என்ற பெயரைக் காட்டி பீடியை விடுவிக்க முடியாது.

5. லைட்ஸ், மென்தால் மாதிரி பிடிச்சா பரவாயில்லையா?

இல்லை. ஃபில்டரின் துளைகளைப் பிடிக்கிறவரின் விரலோ உதடோ மூடிவிடும். இயந்திரத்தில் வைத்து அளக்கும்போது மட்டும் தார் குறைவாகக் காட்டும். மற்றதை மேலே 4ல் சொல்லிவிட்டேன்.

6. பீடி இலைதானே, அதுல தூள் கொஞ்சம்தானே இருக்கு?

தூள் கொஞ்சம்தான். சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும். ஆனால் ஒருவர் பீடி குடிப்பதை ஐந்து நிமிடம் பக்கத்திலிருந்து கவனியுங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் விட்டுவிடுவார், அணைந்துவிடும். மறுபடி தீக்குச்சி. கன்னம் ஒட்டுகிற அளவுக்கு ஓர் இழுப்பு. அப்புறம் அணையக்கூடாது என்றே அடிக்கடி இழுப்பார். சுற்றியிருக்கும் இலை காகிதம்போலக் காற்றை விடாது, தானாக எரியாது. பீடியைக் கங்கோடு வைத்திருப்பது குடிப்பவரின் மூச்சுதான்.

அதனால் தூள் குறைவாக இருந்தும் ஒரு பீடியின் தார், நிக்கோட்டின், கார்பன் மோனாக்சைடு சிகரெட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ உள்ளே போகிறது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஆண்களிடம் நடத்தி 2003ல் வெளியான ஆய்வில், பீடி மட்டும் குடித்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது. "இலை இயற்கை" என்று யாராவது சொன்னால், எரிந்த பிறகு அது இலை இல்லை, புகை என்று பதில் சொல்லுங்கள்.

7. பீடி சுத்துற எங்களுக்கும் வருமா?

தென்காசி, முக்கூடல் பக்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். மேலே சொன்ன சேதத்தில் பெரும்பங்கு புகையிலை எரியும்போது உண்டாகும் பொருட்களால் வருவது. சுற்றுவதை குடிப்பதற்குச் சமம் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ஆனால் தூசியால் இருமல், மூச்சிழுப்பு, கண் எரிச்சல், தோல் வழியே ஏறும் நிக்கோட்டினால் தலைசுற்றல் எல்லாம் உண்மை. முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் அதே அறையில் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். முடிந்தவரை திண்ணையில், காற்றோட்டமாக உட்காருங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

8. நான் ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டுதான் பிடிக்கிறேன். அதுக்குமா?

அதற்கும்தான். ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. டாக்டர்கள் 'பேக் இயர்' என்று ஒரு கணக்குப் போடுவார்கள்: தினம் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் என்றால் ஒன்று. தினம் 10 வீதம் 20 வருடம் என்றால் 10. கணக்குக்கு வசதி, ஆனால் அதில் ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. எத்தனை என்பதைவிட எத்தனை வருடம் என்பதுதான் கனமானது. தினம் ஐந்து வீதம் 40 வருடம் பிடித்தவரும் தினம் 20 வீதம் 10 வருடம் பிடித்தவரும் பேக் இயரில் ஒன்றுதான். ஆபத்தில் முதல் ஆள்தான் முன்னால் நிற்பார்.

"குறைச்சுக்கிட்டேன்" என்பவர்களை நான் பாராட்டித்தான் அனுப்புவேன். ஆனால் குறைத்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டிவிடக் கூடாது.

9. எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார். ஒண்ணுமே ஆகலையே?

ஆகாமல் இருக்கலாம். 2000ல் வெளியான பிரிட்டன் கணக்கின்படி, விடாமல் புகைக்கும் ஆண்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் 100க்கு 16 பேர். அப்படியென்றால் 84 பேர் அந்த நோயால் இறக்கவில்லை. உங்கள் தாத்தா அந்த 84ல் ஒருவர். அதே 84 பேரில் மாரடைப்பு, பக்கவாதம், வேறு புற்றுநோய், மூச்சடைப்பு நோய் என்று போனவர்களும் இருக்கிறார்கள்.

சுருட்டில் இன்னொன்றும் உண்டு. அதன் புகை காட்டமானது, பலர் உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு நுரையீரலைவிட வாய், தொண்டை ஆபத்துதான் அதிகம். தாத்தாவின் அதிர்ஷ்டம் பேரனுக்குச் சொத்தாக வராது. எதிர்ப்பக்கம் சொல்லப்போனால், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்றுநோய் இருந்தால் நமக்கு ஆபத்து கூடும்.

10. டாக்டர்களே தம் அடிக்கிறாங்களே? அவங்களுக்குத் தெரியாததா?

தெரியும். தெரிந்தும் விட முடியாமல் பிடித்துவைப்பதுதான் நிக்கோட்டின்.

புகையால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்ற உண்மையை உலகத்துக்கு நிரூபிக்க உதவியவர்களே டாக்டர்கள்தான், தங்கள் உடம்பை வைத்து. 1950ல் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளை விசாரித்து ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் முதல் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கு விழுந்த விதத்தைப் பார்த்து டால் தானே சிகரெட்டை விட்டார். 1951ல் பிரிட்டன் டாக்டர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிவுசெய்து, ஐம்பது வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அமெரிக்காவில் 1950ல் இதே முடிவைச் சொன்ன இருவரில் ஒருவர் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை நிபுணர். 1933ல் புற்றுநோய்க்காக ஒருவரின் ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்துப் பிழைக்கவைத்தவர் அவர். நெடுநாள் சிகரெட் பிடித்த அவர் 1957ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அந்த நோயாளி அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.

11. நிறுத்தி எட்டு வருஷமாச்சு. தப்பிச்சிட்டேனா?

பெரும்பங்கு தப்பித்தீர்கள். 9ல் சொன்ன அதே கணக்கு: விடாமல் பிடித்தால் 100க்கு 16, 60 வயதில் நிறுத்தினால் 10, 50ல் நிறுத்தினால் 6, 40ல் 3, 30ல் 2 போல. நிறுத்திப் பத்து வருடத்தில், தொடர்ந்து பிடிப்பவரின் ஆபத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு நாளும் பிடிக்காதவரின் அளவுக்கு முழுதாக இறங்காது.

இறங்கும் வேகத்திலும் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. ஸ்மால் செல்லும் ஸ்குவாமஸும் வேகமாக இறங்கும், அடினோ மெதுவாக. நிறுத்திப் பல வருடம் கழித்து வரும் புற்றுநோய் அடினோவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "நிறுத்தினதாலதான் வந்துச்சு" என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். உடம்பு சரியில்லை என்று உணர்ந்துதான் பலர் நிறுத்துகிறார்கள், நோய் அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கும்.

12. புகையிலை போடுறேன், புகைக்கிறதில்லை. நுரையீரலுக்கு ஒண்ணும் இல்லையே?

வெற்றிலையோடு மெல்லும் புகையிலையின் முதல் இலக்கு வாய், அடுத்து உணவுக்குழாய், கணையம். நுரையீரல் தப்பியது என்று சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

13. நான் ஒரு நாளும் குடிச்சதில்லை. எனக்கு ஏன் வந்துச்சு?

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருப்பேன். பல பேருக்கு "இதனால்தான்" என்று விரல் நீட்ட ஒரு காரணம் கிடைப்பதில்லை. உங்கள் தவறு எதுவும் இல்லை என்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தனி ஆளும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2012ல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் புகைக்காதவர்கள். தெரிந்த காரணங்கள் சில: வீட்டில் பிறர் விடும் புகை, நிலக்கரி, விறகடுப்புப் புகை, வெளிக்காற்று மாசு, தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு, பிறவியில் வந்த மரபணுத் தன்மை. கணவர் புகைக்கும், தாங்கள் புகைக்காத மனைவிகளுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதை ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981லேயே காட்டினார். பிறர் புகையோடு வாழ்வது ஆபத்தை 20 முதல் 30 சதவீதம் கூட்டுகிறது. பிடிப்பவரின் ஆபத்தோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் அவர் கேட்டு வாங்கிக்கொள்ளாத எண் அது.

14. இருமலும் சளியும் எப்பவும் உள்ளதுதான். எப்போ பயப்படணும்?

வழக்கமான இருமல் மாறும்போது. சத்தம் மாறும், நேரம் மாறும், மூன்று வாரம் தாண்டியும் விடாது. சளியில் ஒரு இழை ரத்தம் வந்தாலும் அன்றே கிளம்புங்கள். குரல் கம்மிப்போய்த் திரும்பாமல் இருப்பது, காரணமில்லாமல் எடை இறங்குவது, தோள்வலி விடாமல் இருப்பது, முகமும் கழுத்தும் வீங்குவது இவையும்தான்.

ஸ்மால் செல்லும் ஸ்குவாமஸும் பெரும்பாலும் நடுவில், பெரிய குழாய்களில் வருவதால் இருமலும் ரத்தமும் முதலில் தெரியும். ஓரத்தில் வளரும் அடினோ வெகுநாள் சத்தம் காட்டாது. சில கட்டிகள் ஹார்மோன் மாதிரியான பொருட்களை விடும்: ஸ்மால் செல்லில் ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரும், ஸ்குவாமஸில் கால்சியம் ஏறி மலச்சிக்கலும் தாகமும் வரும்.

ஒரு சின்னச் சோதனையும் உண்டு. இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் சின்னதாக வைர வடிவில் வெளிச்சம் தெரிய வேண்டும். விரல் நுனி முரசுக்கோல் மாதிரி உருண்டு அந்த இடைவெளி மூடியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு நோய்களிலும் இப்படி ஆகும். இடைவெளி தெரிகிறது என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

15. எக்ஸ்ரேல நிழல் தெரியுது, டிபி மாத்திரை குடுத்திருக்காங்க. போதும்தானே?

சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியானதா என்று கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு வீட்டில் நடந்த காரணம் இருக்கிறது. என் தாய்மாமா 28 வருடம் பீடி குடித்தவர். ஒரு சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து, சளியைச் சோதிக்காமலே டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். நாலு மாதம் நாங்களும் "மாத்திரை வேலை செய்யும்" என்று காத்திருந்தோம். பிறகு எடுத்த பயாப்ஸியில் ஸ்குவாமஸ் என்று வந்தது. அந்த நாலு மாதத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நம் நாட்டில் டிபி அதிகம், இரண்டுக்கும் இருமல், எடை இழப்பு, ரத்தம், நிழல் எல்லாம் ஒன்றுபோல. இன்னொரு சிக்கல், புகை டிபியையும் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் இறப்புகளை அலசி 2003ல் வெளியான ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அரசு சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசம். கிருமி இல்லை என்று வந்து, மாத்திரைக்கும் நிழல் குறையாமல் இருந்தால், புகைப்பழக்கம் உள்ள நாற்பது தாண்டியவர் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

16. வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டா போதுமா?

எக்ஸ்ரே உயிர் காப்பதாக நிரூபணம் இல்லை. குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேனுக்கு உண்டு: அதிகம் புகைத்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது என்று 2011ல் அறிவித்தார்கள். நம் ஊரில் பழைய டிபி தழும்புகள் ஸ்கேனில் கட்டிபோலத் தெரிந்து வீண் பயாப்ஸிக்கு இழுத்துவிடும். அதனால் 8ல் சொன்ன பேக் இயர் கணக்கை எழுதிக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஸ்கேன் சுத்தமாக வந்தது என்று பீடியைத் தொடர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அன்றைய தேதிக்கான படம் மட்டும்தான்.

17. காரட் ஜூஸ், வைட்டமின் மாத்திரை சாப்பிட்டா புகை பண்றதை ஈடுகட்டுமா?

காரட் சாப்பிடுங்கள், தப்பில்லை. பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம். ஃபின்லாந்தில் சுமார் 29,000 புகைக்கும் ஆண்களுக்கு, நல்லது செய்யும் என்று நம்பி இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994ல் வந்த முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

18. வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதுவும் புகையும் சேர்ந்தா?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பது, துளைபோடுவது, உடைப்பது போன்ற வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து பெரிது. அந்தத் தூசியும் புகையும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடாது, ஒன்றை ஒன்று பெருக்கிவிடும். நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா மட்டும் ஆஸ்பெஸ்டாஸால் வருவது, புகைக்கு அதில் பங்கில்லை. ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இருந்தால் என்ன வேலை பார்த்தார் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

19. ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. பீடி குடிச்சவருக்கு அது வீண்தானே? அப்புறம், புகைச்சவங்களுக்கு இம்யூனோதெரபி நல்லா கேட்கும்னு படிச்சேனே?

வீண் இல்லை. ஈஜிஎஃப்ஆர், ஆல்க் போன்ற மரபணுக்களில் வரும் மாற்றங்கள் புகைக்காதவர்களின் அடினோவில் அதிகம் கிடைக்கும் என்பது சரி. இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையிலேயே சிகிச்சை தொடங்க வழி உண்டு. ஆனால் புகைத்தவர்களிலும் சிலருக்கு அவை இருக்கும். புகைத்தவர்களிடம் அதிகம் காணப்படும் கேராஸ் என்ற மாற்றத்தின் ஒரு வடிவத்துக்கும் 2021ல் அமெரிக்காவில் மருந்து அனுமதி பெற்றது. பழக்கத்தைப் பார்த்து டெஸ்ட்டைத் தவிர்க்காதீர்கள்.

உடம்பின் காவல் செல்களைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி பற்றிப் படித்ததும் ஓரளவு சரிதான். 2ல் சொன்ன 150, 150 என்று சேர்ந்த சேதம் கட்டியை உடம்பின் காவல் செல்களுக்கு அந்நியமாகக் காட்டும், அதனால் மருந்து சிலருக்கு நன்றாகப் பிடிக்கும். நோயைக் கொண்டுவந்த அதே சேதம்தான் அது. அதில் லாபம் என்று பார்க்க எதுவும் இல்லை.

20. முதல்ல அடினோன்னு சொன்னாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்மால் செல்னு சொல்றாங்க. முதல் ரிப்போர்ட் தப்பா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஈஜிஎஃப்ஆர் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு, மருந்துக்குத் தப்பிக்கும் வழியாகக் கட்டி ஸ்மால் செல்லாகவே உருமாறுகிறது. நோய் மறுபடி வளரும்போது இரண்டாவது பயாப்ஸி கேட்பது இதற்காகவும்தான். இப்படி வந்தால் 3ல் சொன்ன 95 சதவீதக் கணக்கை இவர்மேல் போடாதீர்கள். இவர் ஒரு நாளும் புகைக்காதவராக இருக்கலாம்.

21. வந்தாச்சு. இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது? ஆசைக்கு ரெண்டு குடிச்சுட்டுப் போகட்டுமே?

வீட்டார் பாசத்தில் கேட்பது புரிகிறது. ஆனால் நிறுத்தினால் கிடைப்பது நிறைய. மாஸ்கோவில், ஆரம்ப நிலை நான் ஸ்மால் செல் வந்த 517 புகைப்பவர்களைக் கவனித்தார்கள். நோய் தெரிந்த பிறகு நிறுத்தியவர்கள், தொடர்ந்தவர்களைவிட நடுமதிப்பில் 22 மாதம் போல அதிகம் வாழ்ந்தார்கள். 2021ல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பின் நிமோனியா குறையும், புண் சீக்கிரம் ஆறும், ரேடியேஷனின் தொல்லைகளும் குறையும். எர்லோட்டினிப் என்ற ஈஜிஎஃப்ஆர் மாத்திரை சாப்பிடுபவர் புகைத்தால் கல்லீரல் அந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடும், ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். வாங்கிய மாத்திரை பாதி வீண்.

முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும். ஆசை எழும்பும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் தணியும். அந்த நேரத்துக்கு நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு, டாக்டர் எழுதித்தரும் மாத்திரையும் உண்டு. 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். பேசும்போது எத்தனை கட்டு, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். எழுந்தவுடன் பற்றவைப்பவருக்கு வேறு அளவு, மத்தியானம் வரை தாங்குபவருக்கு வேறு அளவு. வீட்டில் மிச்சமிருக்கும் கட்டையும் தீப்பெட்டியையும் அவரே எடுத்து உங்கள் கையில் தரும்படி கேளுங்கள். நீங்களாக ஒளித்துவைத்தால் அவர் தேடுவார்.